நிறம் போகும், நிறம் வரும்



தெளிந்த நீர் கண்ணெதிரே நீலமாக மாறுகிறது. பிறகு அந்த நீலம் மறைந்து விடுகிறது. இதைச் செய்து காட்டி, "உங்கள் வீட்டில் தோஷம் இருக்கிறது, கழிக்கப் பணம் வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், நம்மில் சிலர் பயந்து சம்பளக் காசை எடுத்துக் கொடுத்து விடுவோம். ஆனால் இதே நிறமாற்றத்தை நம் பிள்ளைகளே வீட்டில் செய்து பார்க்கலாம். எப்படி என்று இன்று காண்போம்.

வேண்டியவை: ஒரு சிறிய வெள்ளைப் பீங்கான் தட்டு, ஆறிய சோற்றுக் கஞ்சித் தண்ணீர், காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடின், எலுமிச்சம்பழம், டார்ச்லைட் பேட்டரி 2, கம்பித் துண்டுகள், இருமுனையும் சீவிய பென்சில் 2.

தட்டில் இரண்டு கரண்டி கஞ்சித் தண்ணீர் ஊற்றி, 2 சொட்டு அயோடின் விடுவோம். உடனே கருநீலம் தோன்றும். அயோடினும் கஞ்சியிலுள்ள மாவுச்சத்தும் சேர்ந்தால் வரும் நிறம் அது. இப்போது எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்குவோம். நீலம் மறைந்தவுடன் நிறுத்தி விட வேண்டும்.

அயோடின் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. சாற்றிலுள்ள வைட்டமின் சி, அயோடினுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்தது. எலெக்ட்ரானைப் பெற்ற அயோடின், நிறமில்லாத அயோடைடாக மாறித் தட்டிலேயே இருக்கிறது. எலெக்ட்ரானைப் பெறுவதற்கு 'ஒடுக்கம்' என்று பெயர்.

கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம் அல்லவா? அதற்குத்தான் பேட்டரி. இரண்டையும் வரிசையாக வைத்து, இரு கடைசி முனைகளிலிருந்தும் கம்பி இழுத்து, ஒவ்வொரு கம்பியையும் ஒரு பென்சிலின் மேல்முனைக் கரியில் சுற்றுவோம். கீழ்முனைகள் ஒன்றையொன்று தொடாமல் தட்டு நீரில் நிற்கட்டும். சற்று நேரத்தில் நேர்முனைப் பென்சிலைச் சுற்றி நீலம் படரும். அந்த முனை அயோடைடிலிருந்து எலெக்ட்ரானை இழுத்துக் கொள்வதால் மீண்டும் அயோடின் பிறக்கிறது. இது 'ஆக்சிஜனேற்றம்'. இங்கே ஆக்சிஜன் சேரவில்லை. ஆயினும் எலெக்ட்ரானை இழப்பதற்கு வேதியியலில் அதுவே பெயர்.

இனிக் கம்பிகளை மாற்றிக் கட்டுவோம். பழைய நீலம் மெல்ல மங்கும். மற்றப் பென்சிலைச் சுற்றிப் புதிய நீலம் தோன்றும். லாரியின் பேட்டரி வேலை செய்யும்போது ஒரு திசையிலும், சார்ஜ் ஏற்றும்போது எதிர்த் திசையிலும் இப்படித்தான் வேதிமாற்றம் நடக்கிறது.

பெற்றோர்களே, இரண்டு எச்சரிக்கைகள். சுவர் பிளக்கிலுள்ள மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது உயிரைக் குடிக்கும். அயோடின் கலந்த நீரைக் குடிக்கவும் கூடாது. கொட்டி விட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

1834இல் மின்முனைகளுக்கு 'அனோடு', 'கேத்தோடு' என்ற பெயர்களை வழங்கியவர் மைக்கேல் ஃபாரடே. 1791இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லருக்குப் பிறந்து, 14 வயதில் புத்தகம் கட்டும் தொழிலுக்குப் போனவர் அவர். நம் பிள்ளைகளும் கேள்வி கேட்கட்டும். காரணம் தெரிந்த வீட்டில் தோஷம் சொல்லி யாரும் காசு பறிக்க முடியாது.