இரவுக்கு மட்டும் வரும் பூ

கேமரன் மலைக்குப் போய் வருகிறவர்கள் சின்னத் தொட்டியில் கிறிஸ்துமஸ் கள்ளி ஒன்றையும் கையோடு கொண்டு வருவதுண்டு. கெடா மாநிலத்துப் பெண்டாங்கில் எங்கள் வீட்டு முன்வாசலிலும் ஒன்று வைத்தேன். வந்த வாரமே மொட்டெல்லாம் கொட்டிவிட்டது. மூன்று வருடம் உரம் போட்டுப் பார்த்தேன். தண்டு தழைத்ததே தவிர, பூ இல்லை.

குற்றம் செடியிடம் இல்லை. பிரேசிலின் தென்கிழக்கு மலைக்காடுகளில் மரக்கிளையைப் பற்றி வளர்கிற இனம் அது. ஆறு வாரமாவது, இரவுக்குப் 13, 14 மணி நேரம் இருட்டும் கூடவே குளிர்ச்சியும் கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். நாமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 6 பாகையில் இருக்கிறோம். வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம், இரவிலும் புழுக்கம்தான். மாலையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினால் இருட்டு கிடைக்கும். குளிருக்கு எங்கே போவது? மலையில் வாழ்கிறவர்கள் அதை வளர்க்கட்டும். வெக்கையில் வைத்து அதை வாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் ஊருக்கென்றே அதற்கு ஓர் உறவுக்காரி இருக்கிறாள்: நிஷாகந்தி. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நாங்கள் அதைப் பிரம்மகமலம் என்போம். இமயமலையில் பூக்கும் பிரம்மகமலம் வேறு. இது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த கள்ளி. மலாய்க்காரர்களுக்கு இது பக்காவாலி. எம்.ஜி.ஆர். நடித்து 1955-இல் வந்த 'குலேபகாவலி' நினைவிருக்கிறதா? பார்வை இழந்த அரசருக்குக் கண் தரும் பூவைத் தேடிப் போகும் கதை. அந்தப் பூவின் பெயரைத்தான் அவர்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள்.

லயத்து வீட்டில் அம்மா இதை வளர்த்த விதம் கண்ணிலேயே நிற்கிறது. தண்டில் ஒரு சாண் வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டுவைப்பார். பிறகு ஓட்டை விழுந்த பால் வாளியில் தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் கொஞ்சம் மண்ணும் கலந்து நட்டு, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைப்பார். பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் தண்ணீரைக் குறைத்துவிடுவார். "வாடட்டும், அப்பத்தான் பூக்கும்" என்பார். மழை தொடங்கிக் கொஞ்ச நாளில், தண்டின் ஓரத்துப் பள்ளத்தில் அரிசி அளவுக்குச் சிவந்த முனை தெரியும். அதன்பிறகு வாளியை யாரும் தொடக்கூடாது. நகர்த்தினால் மொட்டு உதிர்ந்துவிடும் என்பது அம்மாவின் பயம். இந்தக் கலையில் பாதி, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். உரத்தை அள்ளிப் போடுகிறவர்களுக்குத் தண்டுதான் மிஞ்சும்.

தொங்கிக் கிடந்த மொட்டின் காம்பு பூக்கும் நாள் நெருங்க நெருங்க வளைந்து, தலை நிமிரும். அன்று மாலை நுனி சற்றே பிளந்திருக்கும். எட்டு, ஒன்பது மணிக்கு மெல்லிய வெளியிதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் சாயும். உற்றுப் பார்த்தால் இதழ் அசைவது தெரியும். நள்ளிரவில் உள்ளங்கையை விரித்தாலும் அடங்காத வெள்ளைப் பூ. நடுவில் மகரந்தத் தாள்கள் குஞ்சம்போல் குவிந்திருக்க, அவற்றுக்கு மேலே நட்சத்திரம்போல் வெள்ளையாகச் சூல்முடி. வாசனை நாலு வீடு தாண்டிப் போகும். அது இராப்பூச்சிகளுக்கு விடுகிற அழைப்பு.

"எழுந்திரு பாப்பா, விரிஞ்சிருச்சு!" என்று அம்மா எழுப்புவார். விடியற்காலை ரப்பர் மரம் சீவப் போக வேண்டிய பெண்களும் தூக்கத்தை விட்டு வந்து, விளக்கு வெளிச்சத்தில் வாளியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் பூ துவண்டு தொங்கும். கடைக்காரச் சீனத்து அம்மா அதைக் கேட்டு வாங்கிப் போவார், கற்கண்டு போட்டுக் காய்ச்சிக் குடிக்க. காம்போடு கிள்ளி, வாழையிலையில் வைத்து, அம்மா அவர் கையில் கொடுப்பார்.