தேனீப் புழு நோயும் திருஷ்டிப் பரிகாரமும்

(சாத்தூர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது தேனீயைப் பற்றியாகும். சுயமரியாதைக்காரனுக்கும் தேனீக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். ஏழையின் பிழைப்பு எங்கெங்கே மூட நம்பிக்கையால் கெடுகின்றதோ, அங்கெல்லாம் நமக்குச் சம்பந்தமுண்டு என்பதே நமது பதில். இந்தச் சாத்தூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. நிலமில்லாதவனும் நாலு தேன் பெட்டி வைத்துப் பிழைக்கலாம். அந்தப் பெட்டி அழிந்தால் அவனுக்கு நேருவது சாமானிய நஷ்டமல்ல.

1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் முதலியவர்களின் முயற்சியால் மார்த்தாண்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு வேரூன்றி, அனேக குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் 1991, 92-ல் தென்னாட்டில் ஒரு புழு நோய் புகுந்து, நூற்றுக்கு 90-க்கு மேற்பட்ட பெட்டிகளைக் காலி செய்துவிட்டது. அந்நோய்க்குத் ‘தாய் சாக்புரூட்’ என்று பெயர். ‘தாய்’ என்றவுடன் யாரும் மாரியாத்தாளை நினைத்துக் கொள்ள வேண்டாம்! 1976-ல் தாய்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டதால் வந்த பெயரே தவிர, எந்த ஆத்தாளுக்கும் இதில் பங்கு கிடையாது.

இந்நோய் கண்ட புழு, கூட்டுப்புழுவாக மாறாமல் அறைக்குள்ளேயே செத்து, நீர் நிறைந்த பை போலாகிவிடுகிறது. செத்த புழுவை அப்புறப்படுத்தும் வேலைக்காரத் தேனீயின் உடலில் விஷக் கிருமி புகுந்து, அது ஊட்டும் உணவின் வழியாக அடுத்த புழுவுக்குப் போகிறது. இவ்வளவுதான் சங்கதி.

இதற்கு நம்மவர்கள் செய்வதென்ன? கண்ணேறு என்று மந்திரித்த கயிறு கட்டுவது, சாம்பிராணி போடுவது, மஞ்சள் கரைத்துத் தெளிப்பது, தீட்டு என்று சொல்லிப் பெண்களைப் பெட்டியண்டை விடாமலிருப்பது! தேனீக்கு ராணியே பெண். உழைக்கும் வேலைக்காரத் தேனீ அத்தனையும் பெண். பெண்களே நடத்தும் ராஜ்யத்திற்குப் பெண்ணால் தீட்டு என்றால், இதைவிட அறிவீனம் வேறென்ன இருக்கிறது?

“மஞ்சள் தெளித்தேன், பிழைத்ததே” என்று சிலர் சொல்லுகிறார்கள். தெளிக்காத பெட்டியிலும் சில பிழைக்கின்றனவே, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள்? செத்த புழுவைச் சீக்கிரம் கண்டு வெளியே தள்ளும் கூட்டங்கள் தாமே தப்பித்துக் கொள்ளுகின்றன. தேனீ பாடுபட, பெயர் மஞ்சளுக்கா? சந்தேகமிருந்தால் நோய் கண்ட பத்துப் பெட்டியில் ஐந்திற்குத் தெளியுங்கள், ஐந்தை விடுங்கள். மற்றக் காரியங்களை ஒன்று போலவே செய்து, பிறகு எண்ணிப் பாருங்கள். நாம் சொல்லுவதையும் அப்படியே சோதியுங்கள்.

அமெரிக்காவில் ஒயிட் என்பவர் 1913-ல் இவ்வினத்து நோயைப் பற்றி அப்படித்தான் அறிந்தார். செத்த புழுவை அரைத்து, பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை நல்ல கூட்டத்திற்கு ஊட்டினார், நோய் வந்தது. அதிலிருந்து, காரணம் பாக்டீரியாவினும் சிறியதென்று தெரிந்தது. அவர் எந்த ரிஷியிடமும் போய்க் கேட்கவில்லை.

வைசூரி வந்தபோது வேப்பிலை கட்டி, இருக்கன்குடிக்கு நேர்ந்து கொண்டவர்கள் எத்தனை பேர்! வேப்பிலை போகாமலிருந்த வைசூரியை, அம்மைப் பால் குத்தி உலகத்தை விட்டே ஒழித்து, 1980-ல் அதைப் பிரகடனமும் செய்தார்கள்.

இந்தப் புழு நோய்க்கு நிச்சயமான மருந்து இன்னும் இல்லை. இல்லை என்று ஒப்புக்கொள்ளுவது அறிவுக்கு இழுக்கல்ல. இல்லாததை இருக்கிறதென்று விற்பதுதான் மோசடி. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை வைரஸ் நோய்க்குக் கலக்குவதும் மஞ்சள் தெளிப்பது போன்றதே. கூடவே தேனும் கெடும்.

ஆனால் செய்யத்தக்கது உண்டு. நோய் கண்ட அடையை எடுத்து எரியுங்கள். ஒரு பெட்டியின் அடையையும் தேனையும் மற்றொன்றுக்குக் கொடுக்காதீர்கள். கையையும் கத்தியையும் கழுவுங்கள். வாசலைக் குறுக்கித் தேன் திருட்டைத் தடுங்கள். ராணியைச் சில வாரம் அடைத்து வைத்தால் முட்டை நின்று, கிருமிக்கு இரையாகப் புழு இராது. நோயில் தப்பிய கூட்டத்திலிருந்தே புது ராணி வளருங்கள்.

இவற்றில் தட்சணைக்கு இடமில்லை. அதனால்தான் இவற்றை எந்தப் பூசாரியும் சொல்லுவதில்லை. ஆகவே தோழர்களே! அடுத்த முறை பெட்டியில் புழு செத்தால், கயிறு தேடி ஓடாமல், பெட்டியைத் திறந்து கண்ணால் பாருங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.