குடியேற்றக் குலுக்கல்

பரிசுச் சீட்டு நமக்குப் புதியதன்று. பணமும் வாகனமும் பரிசாக விழுவதை நாம் அறிவோம். ஆனால், ஒரு நாட்டிற்குச் சென்று தொழில் புரிந்து அங்கேயே நிலைத்து வாழும் உரிமையைப் பரிசாக வைத்து ஓர் அரசாங்கம் குலுக்கல் நடத்திற்று என்றால், கேட்போர்க்குச் சற்று வியப்பாகவே இருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக ஏற்படுத்திய குலுக்கல் விசாத் திட்டம் அத்தகையது. அதனைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச எண்ணுகின்றோம்.

இந்தியாவில் இதைக் குறித்து மிகுந்த பேச்சு எழுந்ததில்லை. காரணம் எளிது. முந்திய ஐந்து ஆண்டுகளில் உறவு வழியாகவும் வேலை வழியாகவும் 50,000 பேருக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்ட நாட்டினர் இக்குலுக்கலில் சேர இயலாது. நாம் அந்த வரம்பைக் கடந்து நெடுங்காலமாயிற்று. ஆயின், வடக்கே நேபாளத்தில் 'டி.வி.' என்னும் இரண்டெழுத்தை அறியாதார் அரியர். நம்மூரில் அச்சொல் தொலைக்காட்சியைக் குறிக்கும். அங்கோ இந்தக் குலுக்கலை. விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் காட்மாண்டு நகரத்து நிழற்படக் கடைகளிலும் கணினிக் கடைகளிலும் கூட்டம் கூடும். பெயர் வந்தவரைப் பற்றி 'டி.வி. பர்யோ' என்பார்கள். 'பரிசு விழுந்தது' என்று நாம் சொல்வதற்கும் அதற்கும் பொருளில் வேற்றுமை இல்லை.

இத்திட்டம் பிறந்த வரலாறு சுவையானது. 1965ஆம் ஆண்டுச் சட்டம், பிறந்த நாட்டைக் கொண்டு பாகுபடுத்திய பழைய ஒதுக்கீட்டை நீக்கி, அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் உள்ளவர்க்கு முதலிடம் அளித்தது. முற்காலத்தில் பெருந்திரளாகக் குடியேறிய அயர்லாந்து மக்களுக்கு, 1980களில் அத்தகைய நெருங்கிய உறவு அங்கு அதிகம் எஞ்சியிருக்கவில்லை. தாயகத்தில் வேலையின்றி வந்த இளைஞர் பலர், பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் உரிய அனுமதியின்றி ஒளிந்து உழைத்தனர். அவர்கள் பொருட்டுக் குரல் எழவே, 1986இல் 10,000 விசாக்கள் தனியே ஒதுக்கப்பட்டன. முதலில் வந்து சேரும் கடிதத்திற்கே விசா என்பது விதி. ஒருவரே நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்தார்! பின்னர் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 55,000 விசாக்களைக் குலுக்கலில் வழங்க வழி செய்தது. நிலையான அத்திட்டம் 1995ஆம் நிதியாண்டில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பியரை மனத்தில் வைத்துத் திறந்த கதவின் வழியே, ஆப்பிரிக்கரும் நேபாளியரும் உஸ்பெக் நாட்டினரும் நுழைந்தனர். சட்டம் இயற்றியோர் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

குலுக்கலின் முன் அரசனும் ஆண்டியும் ஒன்று என்பர். இங்கே அது எவ்வளவு தூரம் உண்மை என்பதே நாம் ஆராய வேண்டுவது.

பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூரில் நடந்த குடவோலைத் தேர்வை நேயர்கள் கேள்வியுற்றிருப்பார்கள். நிலம், வயது, கல்வி முதலிய தகுதிகள் உடையவர்களின் பெயரையே ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். அதன் பின்னரே சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். விசாக் குலுக்கலில் இம்முறை தலைகீழ். கோடிக்கு மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து முதலில் பெயர்களை எடுத்தார்கள். தகுதியைப் பின்னர்ச் சோதித்தார்கள். தகுதி சிறிதுதான்: பள்ளியிறுதிப் படிப்பு, அல்லது ஈராண்டுப் பயிற்சி தேவைப்படும் தொழிலில் ஈராண்டு அனுபவம். ஆயினும் பலர் இதிலும் வேறு காரணங்களாலும் தவறிவிடுவர் என்று கருதி, இருக்கும் இடங்களுக்கு மிகுதியாகவே, பல ஆண்டுகளில் 1 லட்சத்தைக் கடந்தும், பெயர்களை அறிவித்தார்கள். ஆகவே பெயர் வந்தது என்பதற்கு விசா வந்தது என்று பொருளில்லை. வரிசையில் நிற்க இடம் கிடைத்தது என்பதே பொருள். அமெரிக்க நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30ஆம் நாளுக்குள் நேர்காணல் முடிந்து விசா கைக்கு வராவிடில், அந்த இடமும் போயிற்று.

இனி மேற்கு ஆப்பிரிக்காவின் சிறிய நாடான டோகோவுக்குச் செல்வோம். அங்கு நடந்தவற்றைச் சார்ல்ஸ் பியோட் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் பல்லாண்டுகள் உடனிருந்து கண்டு, 2019இல் நூலாக வெளியிட்டார். விண்ணப்பிக்க அக்காலத்தில் கட்டணமில்லை. ஆகவே ஏழையும் விண்ணப்பித்தான். பெயரும் வந்தது. அதன் பின்னரே செலவு தொடங்கிற்று. நேர்காணலுக்குத் தலைக்கு 330 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. மருத்துவச் சோதனைக்கு வேறு, விமானத்துக்கு வேறு. தையற்காரரும் மின்பணியாளரும் இதற்கு எங்கே போவார்கள்? இவ்விடத்தில்தான் தரகன் வருகிறான். பெயர் வந்தவர் தம் மனைவியையோ கணவரையோ உடன் அழைத்துச் செல்லலாம் என்று விதி கூறுகிறது. அமெரிக்கா செல்லப் பணம் உண்டு, பெயர் மட்டும் வரவில்லை என்ற ஒருவரைத் தரகன் தேடிப் பிடிக்கிறான். இருவருக்கும் காகிதத்தில் மணம் முடிகிறது. செலவு முழுவதும் பணமுடையவரைச் சேர்ந்தது. பிறகு தூதரக அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இருவரையும் ஒத்திகை பார்க்க வைக்கிறார்கள்: திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள், வீட்டில் யார் என்ன செய்வார்கள் என்றெல்லாம்.

இதனை மோசடி என்று அதிகாரி கூறுவார், அது உண்மையே. ஆனால், வந்த அதிர்ஷ்டத்தைக் கைக்கொள்ளப் பணமில்லாத ஏழைக்கு வேறு யார் கடன் கொடுத்தார்கள் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வரையில்தான் அனைவரும் சமம். எடுத்த மறுகணமே பணம் ஆட்சிக்கு வந்துவிடுகிறது.

பணமிருந்தும் தப்பாதவர்களும் உண்டு. 2011 மே மாதம் சுமார் 22,000 பேர், தாம் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கணினித் திரையில் கண்டு மகிழ்ந்தார்கள். அம்மாத நடுவிலேயே அத்தேர்வு செல்லாது என்று அரசு அறிவித்தது. முப்பது நாள் விண்ணப்பக் காலத்தில் முதல் இரண்டு நாட்களில் வந்தவர்களையே கணினி பெரும்பாலும் பொறுக்கி எடுத்துவிட்டதாம்! வழக்காடியும் அவர்களுக்குப் பயன் கிட்டவில்லை. ஜூலையில் மறுகுலுக்கல் நடந்தது. 2020இல் கொள்ளை நோயின் பொருட்டுத் தூதரகங்கள் கதவடைத்தன. குடியேற்றத்துக்குக் குடியரசுத் தலைவரின் தடையும் வந்தது. நாட்காட்டியோ நிற்கவில்லை. செப்டம்பர் 30 கடந்த பின்னும் விசாக்களை வழங்குமாறு கீழ் நீதிமன்றம் ஆணையிட்டது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிதியாண்டு முடிந்தபின் அவ்வாறு ஆணையிட அதிகாரமில்லை என்று அதனை மாற்றிவிட்டது. நான்காண்டுக் காலம் தாயகத்தில் தொழிலைப் பெருக்காமலும் வீடு கட்டாமலும் காத்திருந்தவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ!

2025 டிசம்பரில், பல ஆண்டுகளுக்கு முன் இத்திட்டத்தின் வழியே வந்த ஒருவர் புரிந்த கொலைகளைக் காரணம் காட்டி, இதனை நிறுத்தி வைப்பதாக அமெரிக்க அரசு அறிவித்தது. அவ்வேளையில் அந்த நிதியாண்டுக்கெனப் பெயர் வந்து, கட்டணத்துக்குக் கடன் வாங்கி, நேர்காணல் நாளை நோக்கியிருந்தவர்கள் பல நாடுகளில் இருந்தனர். 2026 செப்டம்பர் 30 என்று அவர்களுக்கு விதிக்கப்பட்ட எல்லை நாளை அந்த அறிவிப்பு ஒரு நாளேனும் தள்ளி வைக்கவில்லை.