ஜாலஹள்ளியிலிருந்து சலாமியாவுக்கு

1986 மே மாதம் திரைக்கு வந்த ‘விக்ரம்’ படத்தில் ஓர் ஏவுகணை திருடு போகிறது. பெயர் அக்னிபுத்ரா. அதை வழியிலேயே மடக்கிக் கொண்டுபோகிறவன் சுகிர்தராஜா. கொண்டுபோய் வைக்கும் இடம் சலாமியா, எந்த வரைபடத்திலும் இல்லாத பாலைவன ராஜ்யம். மீட்கப் புறப்படுகிறவர் கமல்ஹாசன். ஒரு கோடி ரூபாய்ப் படம் என்று அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு.

கதை எழுத்தாளர் சுஜாதாவுடையது. குமுதம் இதழில் தொடராகவும் வந்தது. அப்போது அவர் பெங்களூரு ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் இருந்த இடமும் லேசுப்பட்டதல்ல. 1975-ல் விண்ணுக்குப் போன ஆர்யபட்டா செயற்கைக்கோள், பக்கத்துப் பீன்யா தொழிற்பேட்டையில்தான் உருவானது. இஸ்ரோவின் தலைமையகமும் இதே நகரத்தில்தான்.

அப்படிப்பட்டவர் எழுதிய கதையில் அறிவியல் கறாராக இருக்கும் என்று போனவர்கள் ஏமாந்தார்கள். கணினி நிபுணராக வரும் லிசி விசைகளைத் தட்டுவார். மற்றதை நாம் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். காமிக்ஸ் புத்தகத்தைப் புரட்டுகிற வேகத்தில் படம் ஓடுகிறது. கேள்வி கேட்க அது நேரம் தருவதில்லை.

நடிப்பு? ‘ஷோலே’யில் கப்பர் சிங்காக நாட்டையே நடுங்கவைத்த அம்ஜத்கான், இங்கே விளையாட்டுப் பிள்ளை போல ஒரு ராஜா. இளவரசி டிம்பிள் கபாடியாவுக்கு அழகாக வந்து நிற்பதைத் தாண்டிப் பெரிய வேலை இல்லை. தப்பித்தவர் சத்யராஜ் ஒருவர்தான். முந்தைய வருஷம் ‘காக்கி சட்டை’யில் இதே இயக்குநர் ராஜசேகரிடம், இதே கமலுக்கு வில்லனாக நின்ற பழக்கமோ என்னவோ, சுகிர்தராஜாவாக அவர் காட்டும் நக்கல் இன்றும் சலிக்கவில்லை.

ஆனால் சலாமியா வந்ததும் படத்துக்கு வேறு உயிர் வந்துவிடுகிறது. ராஜஸ்தானில் எடுத்த காட்சிகள்: மணல், அரண்மனை, கண்ணைப் பறிக்கும் உடைகள், கூட்டம் கூட்டமாக ஆட்டம். அந்த நாட்டுக்கென்று ஒரு மொழியையே புனைந்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளராக வரும் ஜனகராஜ் அதைத் தமிழாக்கும் அழகே தனி நகைச்சுவை. இதில் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. தமிழ் தெரியாத இந்தி நடிகர்கள் புரியாத மொழி பேசினால், உதடு ஒட்டவில்லை என்று யார் குறை சொல்ல முடியும்? இதற்கெல்லாம் மேலே இளையராஜா. கமலே பாடிய தலைப்புப் பாடலில் மின்னணுக் கருவிகளின் துள்ளல், அன்றைய தமிழ்க் காதுக்குப் புத்தம் புதிது.

தமிழில் இந்த மாதிரி அறிவியல் கற்பனைக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1963-லேயே ‘கலை அரசி’யில் எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்குப் போய்வந்துவிட்டார். பெங்களூருவின் கன்னட சினிமாவும் சளைக்கவில்லை: 2002-ல் ‘ஹாலிவுட்’ படத்தில் உபேந்திரா மூன்று வேடம் போட்டார், அதில் ஒன்று இயந்திர மனிதன். ரஜினியின் ‘எந்திரன்’ வர அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஆனது.

நிஜ ‘அக்னி’ ஏவுகணை முதன்முதலாகச் சீறிப் பாய்ந்தது 1989 மே 22 அன்று. சினிமாக்காரர்கள் மூன்று வருஷம் முந்திக்கொண்டார்கள்! 2022-ல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரில், அதே உளவாளியைத் திரும்ப அழைத்து வந்து வசூலைக் குவித்தார். அதை மட்டும் பார்த்த இளைய நேயர்கள் பழைய ‘விக்ர’மையும் ஒரு தடவை பாருங்கள். ராக்கெட் விவகாரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சலாமியாவை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்.