வளாகத்து வேம்பும் ஒரு கரிக் கிடங்குதான்



சிவகங்கைச் சீமையில சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறதை நீங்க பார்த்திருப்பீங்க. மரத்துக்குள்ள கரி இருக்குங்கிறதுக்கு வேற சாட்சி வேண்டாம். ஆனா அந்தக் கரி மண்ணிலிருந்து வந்ததில்லை. இலை காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுதான் கட்டையாக மாறியிருக்கு.

எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போடலாம். பள்ளத்தூர் சீதாலெட்சுமி ஆச்சி கல்லூரியோ, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமோ, உங்க வளாகத்துக்கு ஒரு தையல் டேப்பை எடுத்துட்டுப் போங்க. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மரத்தைச் சுற்றி அளங்க. 157 சென்டிமீட்டர் வந்தால், விட்டம் 50 சென்டிமீட்டர். பத்து மீட்டர் உயரமுள்ள அப்படி ஒரு வேம்பில், ஈரம் போக, வேரைச் சேர்க்காமல், ஏறக்குறைய 700 கிலோ கட்டை இருக்கும். அதில் பாதி, அதாவது 350 கிலோ, கார்பன். 3.67-ஆல் பெருக்குங்க. அந்த மரம் காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு சுமார் 1,280 கிலோ.

பெரிசாத் தெரியுதா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ வாயு வருது. வேம்பு இத்தனை வருஷமாச் சேர்த்தது 550 லிட்டருக்குத்தான் ஈடு. தினம் ஒரு லிட்டர் போடுறவர் ஒன்றரை வருஷத்தில் தீர்த்துடுவார். மரம் நட்டாச்சு, எல்லாம் சரியாயிடும்னு சொல்றதை அதனாலதான் நான் ஏத்துக்கிறதில்லை.

நிற்கிற மரம்தான் முக்கியம். உயரம் அப்படியே இருந்தாலும், சுற்றளவு இரட்டிப்பானால் கட்டை நாலு மடங்கு. வண்டி நிறுத்த இடம் வேணும்னு பழைய மரத்தைச் சாய்ச்சிட்டு பத்துக் கன்று நட்டால், அது ஈடாக எத்தனையோ வருஷம் ஆகும். வெட்டினது விறகாப் போனா, சேமிச்சதெல்லாம் அடுப்புப் புகையோட காற்றுக்கே திரும்பிடும். தூணானால் கதை வேற. பள்ளத்தூர், கானாடுகாத்தான் வீடுகளில் நிற்கிற பர்மா தேக்குத் தூண்கள், எப்பவோ பர்மாவில் எடுத்த கார்பனை இன்னும் பிடிச்சு வச்சிருக்கு!

அரசு நிலத்தில் மரம் வெட்ட, கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேணும். அனுமதி இல்லாமல் வெட்டினால், முதல்வரின் உதவி மையம் 1100-க்குச் சொல்லுங்க. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். மரம் நிற்கிற இடம், சுற்றளவு, ஒரு போட்டோ மூணும் மனுவில் இருக்கட்டும். தனியார் வளாகம்னா, அந்த 1,280 கிலோ கணக்கைக் காட்டி நிர்வாகத்திடம் நீங்கதான் பேசணும்.