நாய்க்குட்டிக்கு நான் பட்ட கடன்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச அறிஞர் பலர் இம்மேடையில் இருக்கின்றனர். பார்சல் அலுவலகத்தில் கணக்கெழுதும் நான், அனுபவத்தில் அறிந்த சிறு செய்தி ஒன்றையே சொல்ல வந்தேன். அது நாய்க்குட்டி வளர்ப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள், நமது கரக்பூர் இரயில்வே குடியிருப்பில் பிறந்த தெருநாய்க் குட்டி ஒன்றைத் தூக்கி வந்தாள். மணி என்று பெயரிட்டோம். முதல் இரவு முழுதும் அது அழுதது. தூக்கம் கெட்ட சினத்தில் அதனைப் பின்கட்டில் தனியே கட்டினேன். பகலில் அது கூடத்தை நனைத்திருந்தால், மாலையில் வந்து செய்தித்தாளைச் சுருட்டி அடித்தேன். ஒரு மாதம் கழிந்தது. தரை நனைவது நிற்கவில்லை. என் சைக்கிள் மணி கேட்டதும் குட்டி கட்டிலுக்கடியில் ஒளியத் தொடங்கியது. "அப்பா, அது உங்களைத் திருடன் என்று நினைக்கிறதா?" என்று மகள் கேட்டாள். அக்கேள்வி என்னைச் சுட்டது.

கால்நடை மருத்துவரிடம் சென்றேன். காலையில் செய்ததற்கு மாலையில் விழும் அடியின் காரணம் நாய்க்கு விளங்காது; அடித்தவர்மீது அச்சம் மட்டுமே மிஞ்சும் என்றார். அவர் கூறிய முறைகள் இவை:

எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் வெளியே ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். அங்கே கழித்த அக்கணமே தட்டிக்கொடுத்துத் தின்ன ஏதேனும் தரவேண்டும். வீட்டில் நனைத்துவிட்டால், வாடை போகத் துடைத்துவிட்டுப் பேசாதிருத்தல் நன்று. முதற்சில இரவுகள் நம் கட்டிலருகே சாக்கு விரித்துப் படுக்கவைத்தால் அழுகை அடங்கும். நம் வீட்டுச் சாம்பார் சோறு வேண்டா. வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் தடுப்பூசிகளைத் தொடங்கி, மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போடவேண்டும். அந்நோய் கண்டபின் காப்பாற்றுதல் அரிது. குழந்தைகள் உள்ள இல்லங்கள் இதனை மறக்கலாகாது.

அவ்வாறே செய்தோம். மூன்று வாரத்தில் கூடம் உலர்ந்தது. ஆயினும் மணி தானாக என் காலடியில் வந்து படுக்க இரண்டு மாதங்கள் ஆயின.

அன்பர்களே! பதினெட்டு வயதில் வேலைக்காக இவ்வூர் வந்த முதல் இரவில் நானும் அழுதவன்தான். மொழியும் தெரியாது. அடுத்த வீட்டு வங்காளப் பெரியவர் சோறிட்டு, தம் கூடத்திலேயே என்னைப் படுக்கவைத்தார். எனக்குக் கிடைத்த அந்த அன்பைத் தாயைப் பிரிந்து வந்த ஒரு குட்டிக்கு நான் மறுத்தேன். அக்கடனை இன்றும் தீர்த்துவருகிறேன். உங்கள் இல்லத்திற்குக் குட்டி வந்தால், முதல் இரவில் அதன் அழுகைக்குச் செவிகொடுங்கள்.