பால் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள்

நான் மருத்துவர் அல்ல, தொலைக்காட்சி அறிவிப்பாளர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்ற முறையில்தான் இந்த மேடையில் பேசுகிறேன்.

மூத்த மகளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது எனக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கிவிட்டது. கிளினிக்கில் அமோக்சிசிலின் கொடுத்தார்கள். மருந்து முடியும்வரை தாய்ப்பால் வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஐந்து நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டினேன். பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. ஆறாம் நாள் பிள்ளையை மடியில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். புட்டி பழகிவிட்டது. "விடும்மா, மாவுப்பால் குடிச்சும் பிள்ளைங்க வளருதுங்க" என்றார் மாமியார். எனக்கு மனம் ஆறவில்லை.

பின்னர் ஒரு மருந்தாளரிடம் கேட்டேன். அதே மருந்தைக் கைக்குழந்தைகளுக்கே திரவமாகக் கொடுக்கிறோம், தாய்ப்பாலில் போவது மிகச் சொற்பம் என்றார். நான் நிறுத்தியிருக்கவே வேண்டாம்!

தாய் சாப்பிடும் பெரும்பாலான மருந்துகள் பாலில் சிறிதளவே கலக்கின்றன. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமோல், இபுபுரோபன் இரண்டும் பொதுவாக ஏற்றவை. அதற்காக எல்லாமே அப்படியில்லை. கோடீன், டிராமடோல் ஆகியவை வேண்டாமென்று 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. சில தாய்மார்களின் உடல் கோடீனை வெகுவேகமாக மார்பினாக மாற்றிவிடும். அது பாலில் போனால் குழந்தைக்கு அளவுக்கு மீறிய மயக்கமும் மூச்சுத் திணறலும் வரலாம். சில இருமல் மருந்துகளிலும் கோடீன் உண்டு. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரின் வேறு விதம். மூக்கு காய்வதோடு பாலும் குறையும். பால் போதவில்லை என்று வெந்தயமும் பூண்டும் தின்றுகொண்டே அந்த மாத்திரையையும் விழுங்குபவர்கள் நம்மில் உண்டு.

பிரசவ மருந்து என்று தெரிந்தவர்கள் தரும் பொட்டலமும் மருந்துதான். பதிவெண் இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மருந்து வாங்குமுன் பால் கொடுப்பதையும், பிள்ளையின் வயதையும், குறைமாதத்தில் பிறந்ததா என்பதையும் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குட்பட்ட சிசுவென்றால் கூடுதல் கவனம் தேவை. மருந்து எடுத்தபின் பிள்ளை எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், பால் குடிக்காவிட்டால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இளையவன் பிறந்தபின் எனக்குக் கடும் இருமல். வேறொரு கிளினிக்கில் இம்முறை நானே முந்திக்கொண்டு, "டாக்டர், பால் கொடுக்கிறேன்" என்றேன். அவர் எழுதியதை அடித்துவிட்டு, வேறு மருந்து எழுதினார்.